தக்கலை வாடகை வீடு: துடைச்ச பத்தே நாள்ல திரும்ப வர்ற கரும்பூசணம்

மாடிவீடு_தக்கலை கேட்டது:

மூணு மாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. எங்களுக்கு மேலே இன்னொரு வீடு இருக்கு. கட்டி பன்னிரண்டு வருஷம் ஆச்சு. ஹாலோ பிளாக் சுவர், உள்ளே புட்டி வச்சு எமல்ஷன் அடிச்சிருக்கு. பூசணம் மூணு இடத்தில் இருக்கு.

பின் படுக்கையறையில் மேற்கு பார்த்த சுவர். ஜன்னலின் இடது கீழ்மூலையிலிருந்து தரை வரைக்கும் கறுத்திருக்கு, ரெண்டடி அகலம் வரும். அந்த இடத்தில் பெயிண்ட் பொரிஞ்சு கையோடு வருது.

அதே அறையில் வடக்குச் சுவரை ஒட்டி மர அலமாரி. அதுக்குப் பின்னால் சாம்பல் பச்சையில் மெல்லிசாப் படிஞ்சிருக்கு. உள்ளே இருந்த தோல் பெல்ட், பை எல்லாத்திலும் வெள்ளைப் பூசணம்.

குளியலறை மேல்தளம் முழுக்க கறுப்புப் புள்ளி. எக்ஸாஸ்ட் விசிறி கிடையாது, கண்ணாடிப் பட்டை வச்ச சின்ன ஜன்னல் மட்டும்தான்.

ரெண்டு தடவை பிளீச்சிங் பவுடர் கரைச்சுத் துடைச்சாச்சு. பத்து நாளில் திரும்ப வந்துட்டு. மூணு வயசுப் பிள்ளைக்கு இளைப்பு உண்டு. வீட்டுக்காரர், "மழைக்காலம்னா எல்லா வீட்டிலயும் அப்பிடித்தான், வேணும்னா நீங்க பெயிண்ட் அடிச்சுக்கோங்க" என்கிறார். எதை வச்சுத் துடைச்சா நிக்கும்? ஈரம் உறிஞ்சுற மெஷின் வாங்கினா பலன் உண்டா? இது யார் செலவு?

---

கொத்துவேலை_குழித்துறை:

தம்பி, மூணும் பார்க்க ஒண்ணு போல இருந்தாலும் தண்ணி வர்ற வழி மூணுக்கும் வேற வேற. அதைப் பிரிக்காமல் எதை வச்சுத் துடைச்சாலும் திரும்ப வரும்.

இரண்டாவது மாடி என்பதால் தரையிலிருந்து ஏறும் ஓதத்தை விட்டுரலாம். அது கீழ்த்தளத்தில்தான் வரும், ஏறக்குறைய மூணடி உயரம் வரைக்கும் பட்டையா உப்புப் பூத்து நிக்கும். மிச்சம் இருக்கிறது வெளியிலிருந்து வரும் மழைத்தண்ணி, குழாய்க் கசிவு, வீட்டுக்குள்ளேயே உண்டாகிற ஆவி.

மேற்குச் சுவரில் எனக்குச் சந்தேகம் மழைத்தண்ணி மேலதான். ஆனி ஆடிச் சாரல் நம்ம ஊரில் தென்மேற்கிலிருந்து சாய்ச்சு அடிக்கும், மேற்குச் சுவருக்கு நேரே அடி விழும். ஹாலோ பிளாக்கில் ஒரு சிக்கல் உண்டு. வெளிப்பூச்சில் மயிரிழை வெடிப்பு வழியா இறங்கின தண்ணி, பிளாக்கின் குழிக்குள் ஓடி, ரெண்டு மூணு அடி தள்ளி எங்கேயோ உள்ளே வெளிவரும். அதனால் கறுத்த இடத்துக்கு நேர் பின்னால் மட்டும் வெடிப்பைத் தேடாதீங்க. மேலேயும் பக்கத்திலும் பாருங்க.

செய்ய வேண்டிய சோதனைகள்:

ரெண்டடிக்கு ரெண்டடி கெட்டியான பாலிதீன் தாளை ரெண்டு இடத்திலும், அதாவது மேற்குச் சுவரிலும் அலமாரிக்குப் பின்னாலும், நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்க. பொரிஞ்ச பெயிண்டைச் சுரண்டிட்டு ஒட்டணும், இல்லாட்டி டேப் நிக்காது. ரெண்டு நாள் விடுங்க. தாளுக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் கோத்தால் தண்ணி சுவருக்குள்ளிருந்து வருது. அறைப் பக்கம் ஈரம் பிடிச்சால் காற்றிலிருந்து வருது.

அடுத்தது ஹோஸ் சோதனை. மழை இல்லாத நாளில், வெளியிலிருந்து சுவரில் தண்ணி அடிக்கணும். கீழிருந்து மேலே போகணும், அதுதான் முக்கியம். மேலிருந்து தொடங்கினால் வழிஞ்சு எல்லா இடமும் நனையும், எங்கே புகுதுன்னு தெரியாது. ஜன்னலுக்குக் கீழே ஒரு கால் மணி நேரம், பிறகு ஜன்னல் படி, பிறகு ரெண்டு பக்கம், கடைசியா சன்ஷேடும் சுவரும் சேர்ற இடம். உள்ளே ஒரு ஆள் நின்னு சுவரைத் தொட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கணும்.

குளியலறைக்கு, மேல்வீட்டுக்காரரிடம் கேட்டு அவங்க குளியலறைத் தரைத்துவாரத்தைத் துணி வச்சு அடைச்சு, ஒரு அங்குலம் தண்ணி தேக்கி, சாயப்பொடி கொஞ்சம் கலந்து 24 மணி நேரம் விடணும். உங்க மேல்தளத்தில் சாயம் தெரிஞ்சால் அவங்க தரை கசியுது. தெரியலேன்னா உங்க வீட்டு ஆவிதான்.

வெள்ளையா இருக்கிறது எல்லாம் பூசணம் இல்லை, உப்பும் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க, கரைஞ்சு போனால் உப்பு.

---

சுத்தம்_நாகர்கோவில்:

துடைக்கிற முறையை நான் சொல்றேன். முதல்ல ஒரு எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரோ ஹைப்போவோ (சோடியம் ஹைப்போகுளோரைட், கடையில் திரவமா விற்கிற பிளீச்) வச்சிருக்கிற இடத்தில் கக்கூஸ் கழுவுற ஆசிட், வினிகர், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற திரவம் எதுவும் சேரக்கூடாது. ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், அடைச்ச குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இளைப்பு உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் கூடுதல் கவனம் வேணும். துடைக்கிற அன்னைக்குப் பிள்ளை வீட்டிலேயே இருக்கக் கூடாது.

பிளீச்சிங் உங்களுக்குத் தோற்றதுக்குக் காரணம் உண்டு. குளோரின் மேற்பரப்பிலேயே செலவாகிப் போகும். அதோடு போன தண்ணி மட்டும் புட்டிக்குள் இறங்கும். கறுப்பு வெளுத்து மறையும், உள்ளே இருக்கிற வேருக்குத் தண்ணி ஊத்தின மாதிரி ஆகும். அதனால் ஹைப்போவை டைல்ஸ், கண்ணாடி, வாஷ்பேசின் இதுகளுக்கு மட்டும் வச்சுக்கோங்க. கடையில் வாங்குறது 4, 5 சதவீதம் என்றால் ஒன்றரை லிட்டர் தண்ணிக்கு 100 மில்லி. பத்து நிமிஷம் விட்டுக் கழுவணும்.

சுவருக்கு இப்படிச் செய்யுங்க. என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணை மூடுற கண்ணாடி மூணும் போட்டுக்கோங்க. ஜன்னலைத் திறந்து, அறைக் கதவைச் சாத்தி, விசிறியை நிறுத்துங்க. விசிறி ஓடினால் பூசண வித்துகள் வீடு பூரா பரவும். காஞ்ச சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது. ஒரு லிட்டர் தண்ணியில் பாத்திரம் கழுவுற திரவம் ஒரு தேக்கரண்டி கலந்து, முதல்ல தெளிச்சு நனைச்சுட்டுப் பழைய பருத்தித் துணியால் ஒரே திசையில் வழிச்சு எடுக்கணும். அழுக்கான பக்கத்தைத் திரும்பச் சுவரில் வைக்காதீங்க, மடிச்சுப் புதுப் பக்கம் எடுங்க. துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே போட்டுரலாம்.

பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு. மெடிக்கல் ஸ்டோரில் பெரும்பாலும் 6 சதவீதமாக் கிடைக்கும், அதே அளவு தண்ணி சேர்த்தால் 3 சதவீதம். தெளிச்சுப் பத்து நிமிஷம் விட்டுத் துடைங்க. கலர் பெயிண்ட் வெளுக்கலாம், மூலையில் சின்னதாப் பார்த்துட்டுச் செய்யணும். இதை வினிகரோடும் கலக்காதீங்க, ஹைப்போவோடும் கலக்காதீங்க.

கடைசியா வெங்காரம் (போராக்ஸ்). நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வெதுவெதுப்பான தண்ணி ஒரு லிட்டருக்கு 40 கிராம் கரைச்சு, துணியால் தடவி அப்படியே காய விடுங்க, கழுவ வேண்டாம். ரொம்ப அதிகமாப் போட்டால் சுவரில் பொடியா நிக்கும். பூசணம் திரும்ப முளைக்கிறதைத் தடுக்கும். வயிற்றுக்குள் போனால் நஞ்சு. அதனால் பிள்ளை கை எட்டுற உயரத்தில் வெங்காரம் தடவுறதைத் தவிர்த்துருங்க. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் விசிறி.

பூசணம் மூணடிக்கு மூணடி பரப்புக்குள் இருந்தால் வீட்டு ஆளே செய்யலாம். அதுக்கு மேலே போனாலோ மேல்தளத்தில் ஜிப்சம் பலகை இருந்து அது ஊறிப்போனாலோ ஆளைக் கூப்பிடுறது நல்லது. ஊறின ஜிப்சம் பலகையைத் துடைச்சுக் காப்பாத்த முடியாது, கழற்றி எறியணும்.

பெல்ட், பைக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணியும் சம அளவு. துணியில் நனைச்சுத் துடைச்சு நிழலில் காய விடுங்க, வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும். துணிமணியை வெந்நீரில் துவைச்சு, மழை நேரமா இருந்தால் இஸ்திரி போட்டுக் காயவச்சபிறகு மட்டும் உள்ளே வைங்க. சான்றிதழ், பத்திரம் எல்லாம் இறுக மூடுற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு. கற்பூரமும் நாப்தலீன் உருண்டையும் வாடையைத்தான் மறைக்கும், பூசணத்துக்கு ஒண்ணும் ஆகாது.

மெத்தை உள்ளே வரைக்கும் மணந்தால் கழிச்சுக் கட்டுறதுதான் நல்லது. இலவம்பஞ்சு என்றால் பிரிச்சு நல்ல வெயிலில் காயவச்சுத் திரும்ப அடைக்கலாம், ஃபோம் என்றால் வழியில்லை.

---

மாடிவீடு_தக்கலை:

நன்றி அண்ணே, நன்றி அக்கா. சோதனை எல்லாம் செய்தாச்சு.

மேற்குச் சுவர்: தாளுக்குப் பின்னால் முத்து முத்தாத் தண்ணி. ஹோஸ் அடிச்சப்போ ஜன்னல் படிக்கு வந்ததும் இருபது நிமிஷத்தில் உள்ளே நனைஞ்சுது. கீழே அடிச்சப்போ ஒண்ணும் இல்லை.

அலமாரிச் சுவர்: தாளின் ரெண்டு பக்கமும் காய்ஞ்சே இருக்கு. அப்புறம் பூசணம் எப்படி?

குளியலறை: மேலே சாயத்தண்ணி ஒரு நாள் பூரா நின்னும் கீழே ஒண்ணும் வரலை.

---

காற்றோட்டம்_குலசேகரம்:

தாள் ரெண்டு பக்கமும் காய்ஞ்சிருக்கு என்பதை வச்சுச் சுவருக்கு ஒண்ணுமில்லைன்னு முடிவு கட்டாதீங்க. பூசணத்துக்குச் சொட்டுத் தண்ணி வேண்டியதில்லை. சுவரை ஒட்டின காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்னால் போதும். அலமாரிக்குப் பின்னால் காற்று அசையாது, அதனால் அங்கே அது எளிதா நிக்கும்.

சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கும். வாங்கினதும் சரிபாருங்க. ஒரு மூடியில் சமையல் உப்பு போட்டுச் சேறு மாதிரி ஆகிற அளவுக்குத் தண்ணி விட்டு, மானியோடு சேர்த்து இறுக மூடுற டப்பாவில் ஒரு ராத்திரி வைங்க. காலையில் 75 காட்டணும். 80 காட்டினால் அந்த மானி எப்போதும் 5 கூட்டிக் காட்டுதுன்னு எடுத்துக்கலாம். பிறகு அலமாரிக்குப் பின்னால் ஒரு நாள், அறை நடுவில் ஒரு நாள் வச்சு ஒப்பிடுங்க. 60க்குக் கீழே வைக்கிறது இலக்கு. நம்ம மாவட்டத்தில் மழைமாதங்களில் மெஷின் இல்லாமல் அதை எட்ட முடியாது. ஆனால் 85ஐ 70ஆக இறக்கினாலே பூசணம் வேகம் குறையும்.

அலமாரியைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் நகர்த்துங்க, அடியில் ரெண்டு அங்குலக் கட்டை கொடுங்க. பின்பலகையில் மேலேயும் கீழேயும் ரெண்டு ரெண்டு ஓட்டை, ஒண்ணரை அங்குல விட்டம் போதும். துணியை அமுக்கி அடைக்காதீங்க.

வீட்டுக்குள் ஈரம் எங்கிருந்து வருதுன்னு கணக்குப் போட்டால் ஆச்சரியமா இருக்கும். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிஞ்சால் ஒன்றரை லிட்டருக்கு மேல் நீராவி உண்டாகும். 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணு தீரும்போது இருபது லிட்டருக்கு மேல் தண்ணி உங்க சமையலறைக் காற்றில் கலந்திருக்கும். சோறும் குழம்பும் கொதிக்கிற ஆவி தனி. துணியை உள்ளே கொடி கட்டிக் காயப்போட்டால் அந்த ஈரம் முழுக்கவும் சுவருக்குத்தான். படுக்கையறையில் துணி காயப்போடவே வேண்டாம், வேற வழி இல்லேன்னா பால்கனி, அல்லது குளியலறையில் விசிறி ஓட்டி.

குளியலறைக்கு 150 மில்லிமீட்டர் எக்ஸாஸ்ட் விசிறி ஒண்ணு போதும். கண்ணாடிப் பட்டையில் ரெண்டைக் கழற்றி, பலகை வச்சு மாட்டலாம், சுவரை உடைக்க வேண்டியதில்லை. வீடு மாறும்போது கழற்றிட்டுப் போகலாம். குளிச்சு முடிச்ச பிறகும் அரை மணி நேரம் ஓடணும். கதவுக்கு அடியில் முக்கால் அங்குலமாவது இடைவெளி வேணும். காற்று உள்ளே வர வழியில்லாமல் விசிறி வெறுமனே சுத்துறதுதான் நிறைய வீட்டில் நடக்குது. தரையை வைப்பரால் வழிச்சு விடுறதும் பாதி வேலையை முடிக்கும்.

ஜன்னல் விஷயத்தில் ஒரு தப்பு எண்ணம் உண்டு. நாள் பூரா திறந்து போட்டால் காயும் என்கிறது மாசி பங்குனிக்குச் சரி. மழை பெய்யும்போது வெளிக்காற்றே ஈரத்தில் நிறைஞ்சிருக்கு, திறந்தால் உள்ளே ஈரம் ஏறும். வெயில் முகம் காட்டுற நேரம், பெரும்பாலும் பகல் பதினொண்ணு முதல் மூணு வரை, எதிரெதிர் ஜன்னலைத் திறந்து விசிறியும் போடுங்க. சாயங்காலம் மூடிருங்க. சமையலறையும் குளியலறையும் இதில் சேராது, அங்கே உண்டாகிற ஆவி வெளிக்காற்றை விட மோசம், எப்பவும் வெளியே தள்ளணும்.

மெஷின் பத்திக் கேட்டீங்க. கம்ப்ரெஷர் வச்சது, ஒரு நாளைக்கு 12 லிட்டர் அளவில் எடுக்கிறது, 120 சதுர அடி அறைக்குப் பலன் தரும். கதவு ஜன்னல் மூடித்தான் ஓட்டணும். அறை கொஞ்சம் சூடாகும், எட்டு மணி நேரம் ஓடினால் ரெண்டு மூணு யூனிட் மின்சாரம் ஆகும். ஆன்லைனில் விலை குறைவா விற்கிற சின்ன டப்பா மெஷின்களில் பல கம்ப்ரெஷர் இல்லாதவை. நாளைக்குக் கால் லிட்டர், அரை லிட்டர்தான் எடுக்கும். அலமாரிக்குக் கால்சியம் குளோரைடு டப்பா அதைவிட மேல், நிறைஞ்சதும் கவிழாமல் எடுத்துக் கொட்டணும், அந்தத் தண்ணி தோலையும் உலோகத்தையும் அரிக்கும்.

மழைத்தண்ணி புகுற மேற்குச் சுவரை அடைக்கிறதுக்கு முன்னால் மட்டும் மெஷின் வாங்காதீங்க. கிணற்றை இறைச்சு வத்த வைக்கிற கதையாகும்.

---

பெயிண்ட்வேலை_மார்த்தாண்டம்:

ஜன்னல் படியில் புகுதுன்னு தெரிஞ்சாச்சு, பாதி வேலை முடிஞ்சுது. இப்போ உள்ளே புதுசாப் பெயிண்ட் அடிக்கச் சொன்னால் அடிக்காதீங்க. ஈரச் சுவரில் புட்டியும் எமல்ஷனும் ஏத்தினால் ஒரு மழைக்குள் கொப்புளம் விட்டுப் பொரியும். "உள்பக்கம் வாட்டர்புரூஃப் அடிச்சுரலாம்" என்று சொல்லி ஆள் வந்தாலும் வேண்டாம்னு சொல்லுங்க. தண்ணி வெளியிலிருந்து தள்ளும்போது உள்ளே ஒட்டின பூச்சு பின்னாலிருந்து தள்ளுபட்டு உரியும், தண்ணியும் அடுத்த மூலையில் போய் நிக்கும். பூசணத்தைத் தடுக்கும் பெயிண்ட் என்று விற்கிறது நல்ல பொருள்தான், ஆனா அது காஞ்ச சுவருக்கு. கசிவை அது நிறுத்தாது.

வேலை வெளியே. ஜன்னல் படி வெளிப்பக்கம் வாட்டம் இருக்கான்னு ஒரு கோலிக்குண்டு உருட்டிப் பாருங்க. பல கட்டடங்களில் உள்வாட்டமா இருக்கும், அல்லது சமமா இருக்கும். ஒரு அடிக்குக் கால் அங்குலமாவது வெளியே சரியணும். படியின் அடிப்பக்கம், ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு வெட்டியிருக்கணும். அது இல்லேன்னா தண்ணி படிக்கு அடியில் ஒட்டிக்கிட்டே சுவருக்குத் திரும்பி வரும். பிறகு ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, காஞ்ச பிறகு நியூட்ரல் வகை சிலிக்கான் சீலண்ட் விடணும். அசிட்டிக் வகை வேண்டாம், புளிச்ச வாடை அடிக்கும் அது சிமெண்டில் பிடிக்காது.

மயிரிழை வெடிப்பை அப்படியே பெயிண்ட் போட்டு மூடுறது வீண். கால் அங்குல ஆழத்துக்கு வி வடிவில் கீறி, தூசி தட்டி, பிரைமர் தொட்டு, கிராக் ஃபில்லர் ரெண்டு தடவையா அடைக்கணும். ஒரே தடவையில் அடைச்சால் காயும்போது சுருங்கி நடுவில் திரும்ப வெடிக்கும். மேலே இழுபடும் தன்மை உள்ள வெளிச்சுவர்ப் பெயிண்ட் ரெண்டு கோட், டப்பாவில் எழுதியிருக்கிற அளவுக்குள் தண்ணி சேர்த்து. அதிகம் தண்ணி சேர்க்கிறதுதான் இந்த வேலை தோக்கிறதுக்கு முதல் காரணம்.

காலம் பார்த்துச் செய்யணும். நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு. ஜூனில் தொடங்கினால் இடையில் கொஞ்சம் விட்டு, ஐப்பசி கார்த்திகை வரைக்கும் சுவர் காய நேரம் கிடைக்காது. வெளிவேலைக்கு ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை சரியான நேரம், சித்திரையில் கோடைமழை வந்துரும். அதுவரைக்கும் தற்காலிகமா, ரெண்டு நாள் வெயில் கிடைச்சதும் படியும் சட்டமும் சேர்ற இடத்தைத் துடைச்சுக் காயவச்சு பியூட்டைல் டேப் (தண்ணி புகாத ரப்பர் ஒட்டுப்பட்டை) ஒட்டுங்க.

வெளியே அடைச்ச பிறகு உள்ளே அந்த ரெண்டடியில் புட்டியை முழுக்கச் சுரண்டி எடுத்துட்டுச் சுவரைத் திறந்தே விடுங்க. பாலிதீன் தாளைத் திரும்ப ஒட்டிப் பார்த்து, ரெண்டு நாள் காய்ஞ்சே இருந்தால் மட்டும் அடுத்த வேலை. அது மாசக்கணக்கில் ஆகலாம், அவசரப்படக் கூடாது. அந்தச் சுவருக்கு மட்டும் நீற்றுச் சுண்ணாம்பு மூணு கோட் மெல்லிசா அடிச்சால் சுவர் மூச்சு விடும், காரத்தன்மை அதிகம் என்பதால் பூசணமும் லேசில் பிடிக்காது. எமல்ஷன் மேலே சுண்ணாம்பு நிக்காது, சுரண்டின பூச்சில்தான் நிக்கும்.

குளச்சல், முட்டம் பக்கம் கடலோர வீட்டிலிருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. பூச்சுமணலில் உப்பு இருந்தால் எந்தக் கசிவும் இல்லாமலே சுவர் மழைநாளில் வேர்க்கும், உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதுக்கு மேலே எந்தப் பெயிண்டும் பலிக்காது. பூச்சைக் கொத்தி எடுத்துத் திரும்பப் பூசுறதுதான் வழி.

---

வாடகைச்சட்டம்_வடசேரி:

செலவு யாருடையது என்பதுக்கு. நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கு. அதன் இரண்டாம் அட்டவணையில் கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பு, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது எல்லாம் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. வாடகைதாரர் சேதப்படுத்தினதால் வந்த பழுது மட்டும் விலக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், வடிகால் சுத்தம் போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆகவே ஜன்னல் படி வழியா மழை புகுறது அவர் வேலை. அலமாரிக்குப் பின்னால் காற்றோட்டம் இல்லாததும் குளியலறை ஆவியும் பெரும்பாலும் உங்க பக்கம்தான் விழும், அதை அவரிடம் சேர்த்துக் கேட்டால் மேற்குச் சுவர் நியாயமும் பலவீனப்படும்.

வாய்ப்பேச்சை விட்டு எழுத்தில் கொடுங்க. அரைப் பக்கம் போதும்: எந்தச் சுவர், எப்போதிலிருந்து, ஹோஸ் சோதனையில் எங்கே புகுந்தது, என்ன வேலை தேவை, கொத்தனார் கொடுத்த மதிப்பீடு, எந்தத் தேதிக்குள். தேதியோடு படம் நாலு, தாளுக்குப் பின்னால் தண்ணி நிக்கிற படம் கட்டாயம். வாட்ஸ்அப்பில் ஒண்ணு, சேர்ந்ததுக்கு அத்தாட்சி கிடைக்கிற மாதிரி தபாலில் ஒண்ணு. "வீடு உங்களோடது, சுவருக்குள் கம்பி துருப்பிடிக்கும் முன்னால் அடைச்சால் உங்களுக்குத்தான் லாபம்" என்று ஒரு வரி சேர்த்தால் பெரும்பாலும் வேலை நடக்கும், வழக்குப் பேச்சு தொடங்கினால் வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்க.

எழுதிக் கேட்டும் மறுத்தால், அவர் செய்ய வேண்டிய பழுதை நீங்களே செய்து வாடகையில் கழிக்கச் சட்டம் இடம் தருது. ஒரு மாதத்தில் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. பில்லை எல்லாம் வச்சுக்கோங்க. எழுத்து ஒப்பந்தம் இல்லாமல், பதிவும் செய்யாமல் இருந்தால் முதல்ல அதைச் சரி பண்ணுங்க, வாடகை அதிகாரியிடம் போக அதுதான் அடிப்படை.

---

மாடிவீடு_தக்கலை:

ரொம்ப உபகாரம். கடிதம் இன்னைக்கே எழுதுறேன். ஒண்ணு மட்டும்: வேலை முடியுறது வரைக்கும் பிள்ளையை அந்த அறையில் படுக்க வைக்கலாமா? கறுப்பு நிறம்னா விஷப் பூசணம்னு சொல்றாங்களே, எடுத்துச் சோதிக்கணுமா?

---

சுத்தம்_நாகர்கோவில்:

படுக்க வைக்காதீங்க. நிறத்தை வச்சு நஞ்சு உண்டா இல்லையான்னு சொல்ல முடியாது, எந்தப் பூசணமா இருந்தாலும் இளைப்பு உள்ள பிள்ளைக்கு ஆகாது. சோதனைக்குப் பணம் கொடுக்க வேண்டாம், என்ன வகைன்னு தெரிஞ்சாலும் செய்ய வேண்டியது இதே வேலைதான். முன்னறைக்குப் படுக்கையை மாத்துங்க, மெத்தையைத் தரையில் போடாமல் கட்டிலில் போடுங்க, தலைமாடு சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். பின்னறைக் கதவுக்கு அடியில் ஈரத்துணி சுருட்டி வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, அதுவே பூசணம் பிடிக்கும், காஞ்ச துணி வைங்க. இளைப்பு அடிக்கடி வந்தால் வீட்டில் பூசணம் இருக்குன்னு டாக்டரிடம் சொல்லுங்க, மருந்து முடிவு பண்ண அது அவருக்குத் தேவை.

கொத்துவேலை_குழித்துறை:

தம்பி, டேப் ஒட்டின பிறகு முதல் நல்ல சாரல் அடிக்கிற அன்னைக்குச் சுவரைத் தொட்டுப் பார்த்து இங்கே எழுதுங்க. நனையலேன்னா படி மட்டும்தான் குற்றவாளி, சன்ஷேடைத் தொட வேண்டியதில்லை. நனைஞ்சால் சன்ஷேடு மூலையையும் மதிப்பீட்டில் சேர்த்து வீட்டுக்காரருக்கு அனுப்பலாம்.